சுமை என்கிற பெட்டி: பவர் எலக்ட்ரானிக்ஸ் புத்தகங்கள் மேல் ஒரு குறை

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். அம்மாவுக்கு விடாத இருமல். ஓரிக்கையிலிருந்து டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு சின்ன நர்சிங் ஹோமில் மார்பு எக்ஸ்-ரே எடுத்தோம். மாலை ஆறரை மணி. பிலிமைக் கழுவி விளக்குப் பெட்டியில் மாட்டிய டெக்னீஷியன் உதட்டைப் பிதுக்கினார். படம் வெளிறிப் போயிருந்தது. விலா எலும்புக்குப் பின்னால் ஒன்றுமே தெரியவில்லை.

"சாயங்காலம் ஆனா லைன் இறங்கிடும் சார். இன்னொண்ணு எடுத்துடலாம். அம்மா, வாங்க, மறுபடி மூச்சை இழுத்துப் பிடிங்க."

இரண்டாவது படம் சரியாக வந்தது. நுரையீரலில் ஒன்றும் இல்லை, இருமலும் பத்து நாளில் போய்விட்டது. எனக்குள் மட்டும் ஒரு கேள்வி தங்கிவிட்டது. நான் பி.இ. எலக்ட்ரிகல். பவர் எலக்ட்ரானிக்ஸ் பேப்பரில் எண்பதுக்கு மேல் மார்க். அப்புறம் எல்லாரையும் போல சாப்ட்வேருக்கு வந்துவிட்டேன், அது வேறு கதை. ஆனால் "லைன் இறங்கினால் படம் வெளிறும்" என்று அந்த மனிதருக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்த ஒரு விஷயத்தை, என் எண்பது மார்க்கை வைத்துக்கொண்டு என்னால் விளக்க முடியவில்லை. வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தால் படம் கொஞ்சம்தானே மங்க வேண்டும்? ஏன் ஒன்றுமே தெரியாமல் போகிறது?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து கிளம்பி, நான் படித்த புத்தகங்கள் மேல் வைக்கும் ஒரு குறையாக முடிகிறது. புத்தகங்களைத் திட்டுவது சுலபம் என்பதால், முதலில் அவற்றுக்கு நியாயம் செய்துவிடுகிறேன்.

எங்களைக் கரை சேர்த்த புத்தகங்கள்

எங்கள் காலத்தில் இரண்டு பெயர்கள். ஒன்று பி.எஸ். பிம்ப்ரா, இன்னொன்று எம்.எச். ரஷீத். பிம்ப்ரா மலிவு, கணக்குகள் படிப்படியாகப் போட்டுக் காட்டப்பட்டிருக்கும், பரீட்சைக்கு முந்தின இரவில் கைவிடாது. ரஷீத் கொஞ்சம் பெரிய கை. முதல் அத்தியாயத்திலேயே பவர் எலக்ட்ரானிக்ஸ் எங்கெல்லாம் பயன்படுகிறது என்று அகரவரிசையில் ஒரு நீண்ட பட்டியல் போட்டிருப்பார். லைட் டிம்மரும் அதில் உண்டு. வாசித்தால் உலகமே நம் பாடத்துக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

பட்டியலைத் தாண்டி உள்ளே போனால் என்ன இருக்கிறது? டயோடு, தைரிஸ்டர், அதை அணைக்கும் கம்யூட்டேஷன் முறைகள், ரெக்டிபையர், சாப்பர், இன்வெர்ட்டர், ஏ.சி. வோல்டேஜ் கன்ட்ரோலர், சைக்ளோகன்வெர்ட்டர். ஒவ்வொரு சர்க்யூட்டிலும் இடது பக்கம் சப்ளை, நடுவில் எஸ்.சி.ஆர்., வலது பக்கம் ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஆர் என்று எழுதியிருக்கும். அடுத்த பக்கத்தில் ஆர்-எல். அதற்கடுத்து ஆர்-எல்-இ. அவ்வளவுதான். எந்தச் சர்க்யூட் வந்தாலும் இந்த மூன்று பெட்டிகள்தான் மாறி மாறி வரும். அந்தப் பெட்டிக்குள் அடுப்பு இருக்கிறதா, பல்பு இருக்கிறதா, எக்ஸ்-ரே டியூப் இருக்கிறதா என்று நாங்களும் கேட்கவில்லை, புத்தகமும் சொல்லவில்லை.

என் குறை இதுதான். இந்தப் பாடத்தில் சுமை என்பது வெறும் எழுத்து. சர்க்யூட்டின் பாதி அங்கேதான் இருக்கிறது என்பதைப் புத்தகம் மறைத்துவிடுகிறது.

முதல் சாட்சி: குண்டு பல்பு

எல்லாருக்கும் தெரிந்த உதாரணம், டிம்மர். ஏ.சி. அலையின் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் எஸ்.சி.ஆரை எவ்வளவு தாமதித்துத் திறக்கிறோமோ அதுதான் ஃபயரிங் ஆங்கிள். 90 டிகிரியில் திறந்தால் பாதி பவர். புத்தகத்தில் வரும் விடை இது, கணக்கும் சரி. ஆர் மாறாத வரைக்கும்.

டங்ஸ்டன் இழையின் ஆர் மாறாமல் இருக்குமா? குளிர்ந்த நிலையில் அதன் மின்தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதைவிடவும் குறைவு. அதனால்தான் பல்பு பெரும்பாலும் ஸ்விட்ச் போடும் அந்த நொடியில் 'டப்' என்று போகிறது. டிம்மரில் இருக்கும் எஸ்.சி.ஆர். தாங்க வேண்டியதும் அந்த முதல் நொடி மின்னோட்டத்தைத்தான்.

இன்னொன்று. இழை பல்பின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4-ஆவது அடுக்கில் மாறும் என்பது விளக்குத் துறையின் பழைய கைக்கணக்கு. 90 டிகிரியில் ஆர்.எம்.எஸ். மின்னழுத்தம் முழு மதிப்பில் 0.707. அதை 3.4 தடவை அடுக்கினால் 0.31. ஆக, புத்தகம் பாதி என்று சொன்ன இடத்தில் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. அந்த மூன்றில் ஒரு பங்கும் நம் கண்ணுக்குப் பாதி போலத்தான் தெரியும் என்பது அதற்கு மேலே இன்னொரு மடிப்பு. சர்க்யூட், பல்பு, கண் மூன்றும் சேர்ந்துதான் டிம்மர். புத்தகம் முதலாவதோடு நின்றுகொண்டது.

எல்.இ.டி. வந்த பிறகு கதை இன்னும் கெட்டுவிட்டது. மத்திய அரசின் உஜாலா திட்டம் 2015-இல் வந்தபின் நம் வீடுகளில் குண்டு பல்பு ஏறக்குறைய காணாமல் போனது. எல்.இ.டி. பல்புக்குள் இருப்பது ஒரு குட்டி டிரைவர் சர்க்யூட். உள்ளே வரும் மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் எல்.இ.டி.க்குப் போகும் மின்னோட்டத்தை மாறாமல் வைப்பதுதான் நல்ல டிரைவரின் வேலை. அதைப் பழைய டிம்மரில் மாட்டினால், டிம்மர் "குறைத்துக்கொள்" என்கிறது, டிரைவர் "குறைக்க மாட்டேன்" என்கிறது. போதாததற்கு, பல்பு இழுக்கும் மின்னோட்டம் டிம்மரின் டிரையாக் திறந்தே இருக்கத் தேவையான அளவுக்குக்கூட வராது. அது நடுவிலேயே அணைந்து அணைந்து எரியும். விளக்கு மினுக் மினுக் என்று ஆடுவதற்கு இதுதான் பொதுவான காரணம். சர்க்யூட் மாறவில்லை, பெட்டிக்குள் இருப்பது மாறிவிட்டது.

இரண்டாவது சாட்சி: எக்ஸ்-ரே டியூப்

விளக்கையும் எக்ஸ்-ரேயையும் நான் வலிந்து சேர்க்கவில்லை. அவை ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள். எஸ்.சி.ஆருக்கு முன்னால் அந்த வேலையைச் செய்தது தைரட்ரான் என்கிற வாயு நிரப்பிய வால்வு. 1947-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஐசனார் நாடக மேடை விளக்குகளை மங்கச் செய்யப் பயன்படுத்தியது அதைத்தான். எக்ஸ்-ரே கருவிகளில் வெளிப்பாட்டு நேரத்தை அளந்து துண்டிக்கவும் அதே வகை வால்வுகள் இருந்தன. 1957-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் எஸ்.சி.ஆர். பிறந்தது. இரண்டே வருஷத்தில் ஜோயல் ஸ்பைரா வீட்டுச் சுவரில் பொருத்தும் டிம்மரை உருவாக்கினார். 1961-இல் லூட்ரான் நிறுவனம் தொடங்கியது. எக்ஸ்-ரே பக்கத்தில் டிரான்ஸ்பார்மரின் பிரைமரியைத் திறந்து மூடும் வேலையும் எஸ்.சி.ஆரிடம் வந்து சேர்ந்தது. நம் சென்னையில் பொது மருத்துவமனையின் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-இல் தொடங்கப்பட்டது; அதாவது எஸ்.சி.ஆர். பிறப்பதற்கு இருபத்து மூன்று வருஷம் முன்பே இந்த ஊரில் இதற்கென்று ஒரு நிலையம் இருந்திருக்கிறது.

இப்போது அம்மாவின் படத்துக்கு வருவோம்.

எக்ஸ்-ரே டியூபுக்கு இரண்டு கைப்பிடிகள். இழையைச் சூடாக்கி எத்தனை எலக்ட்ரான் வர வேண்டும் என்று தீர்மானிப்பது மில்லியாம்பியர். அவற்றை எவ்வளவு வேகத்தில் மோதவிட வேண்டும் என்பது கிலோவோல்ட். இந்த இரண்டையும் தனித்தனியாகத் திருகும் வசதி 1913-இல் கூலிட்ஜ் செய்த டியூபில்தான் வந்தது. இதில் கிலோவோல்ட் ரொம்பக் கோபக்காரன். உடலைத் தாண்டி பிலிமில் விழும் அளவு, கிலோவோல்ட்டின் நான்காவது அல்லது ஐந்தாவது அடுக்கில் மாறும். ரேடியோகிராபி படிப்பவர்களுக்கு இது '15 சதவீத விதி' என்று மனப்பாடம்: கிலோவோல்ட்டை 15% ஏற்றினால் பிலிமின் கருமை இரட்டிப்பு. 1.15-ஐ ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள், 2 வரும்.

அந்த நர்சிங் ஹோமில் இருந்தது பழைய சிங்கிள் பேஸ் இயந்திரம். 70 கிலோவோல்ட், 100 மில்லியாம்பியர் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் டியூபுக்குப் போவது சுமார் 5 கிலோவாட். 230 வோல்ட் லைனில் இழப்பையும் சேர்த்தால் 25 ஆம்பியர் பக்கம். தெரு டிரான்ஸ்பார்மரிலிருந்து இயந்திரம் வரை கம்பியின் மொத்தத் தடை 0.6 ஓம் இருந்தால், படம் எடுக்கும் அந்தக் கணத்தில் மட்டும் 15 வோல்ட் கீழே போகும். அதாவது 6.5%. சாயங்காலம் லைனே ஏற்கெனவே இறங்கியிருந்தால் அது தனி. பழைய இயந்திரங்களில் லைனைச் சரிக்கட்ட ஒரு திருகும், முள் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கோடும் இருக்கும். ஆனால் அந்த முள் காட்டுவது சுமை இல்லாதபோது உள்ள நிலையை. முள் கோட்டில் நிற்கும்; பட்டனை அழுத்தியதும் லைன் சரியும்; அதற்குள் படம் எடுத்து முடிந்திருக்கும்.

6.5% குறைவை ஐந்தடுக்கில் போட்டால் பிலிமுக்குப் போவதில் கால் பங்குக்கு மேல் காணோம். லைன் 10% இறங்கினால் ஏறக்குறைய 40% காணோம். கொஞ்சம் குறைந்ததற்கு ஏன் ஒன்றுமே தெரியவில்லை என்ற என் கேள்விக்கு விடை இந்த அடுக்குதான். இன்னொன்றையும் கவனியுங்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தரச் சோதனையில் கிலோவோல்ட்டுக்கு அனுமதிக்கப்படும் பிசகு 5 கிலோவோல்ட். 70-இல் 6.5% என்றால் நாலரை. சோதனையில் இயந்திரம் பாஸ், பிலிமில் ஃபெயில்.

ஒரு மார்பு எக்ஸ்-ரேயில் கிடைக்கும் கதிர்வீச்சு மிகக் குறைவு, 0.1 மில்லிசீவர்ட் பக்கம் அல்லது அதற்கும் கீழே. இயற்கையாகவே ஒரு வருஷத்தில் உலக சராசரியாக நாம் வாங்குவது 2.4. அதனால் யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் மறுபடி எடுத்த அந்த ஒரு படம் தேவையில்லாதது என்பதும் உண்மை. இன்றைய ஹை பிரீக்வென்சி இயந்திரங்கள் லைனை முதலில் டி.சி.யாக்கி, பல்லாயிரம் ஹெர்ட்ஸில் வெட்டி, கிலோவோல்ட்டை அளந்துகொண்டே திருத்துகின்றன. லைன் இறங்குவதை அவை பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அதைச் செய்தவர்கள் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து வடிவமைப்பைத் தொடங்கியிருக்க வேண்டும்.

எந்தக் கணத்தில் திறப்பது?

என் வாதத்துக்கு ஒரே ஒரு உதாரணம்தான் கொடுக்கலாம் என்றால் இதைக் கொடுப்பேன்.

ஒரு எஸ்.சி.ஆர். ஸ்விட்ச். சுமைக்கு அதிர்ச்சி குறைவாக இருக்க அதை அலையின் எந்த இடத்தில் திறக்க வேண்டும்? குண்டு பல்பு என்றால், மின்னழுத்தம் பூஜ்யத்தைக் கடக்கும்போது. மெதுவாக ஏறும், இழை பிழைக்கும். எக்ஸ்-ரே இயந்திரத்தின் டிரான்ஸ்பார்மர் என்றால்? அதே பூஜ்யம்தான் மிக மோசமான இடம்! ஏன் என்றால், டிரான்ஸ்பார்மரின் காந்தப் பாயம் மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதால் வருவது. பூஜ்யத்தில் தொடங்கினால் அரைச் சுற்று முடியும்போது அது வழக்கமான உச்சத்தைப் போல இரண்டு மடங்கு ஆகப் பார்க்கும். இரும்புக் கருவால் தாங்க முடியாது, நிறைந்துவிடும். மின்னோட்டம் பாய்ந்து வரும். போன தடவை அணைத்தபோது கருவில் மிச்சமிருந்த காந்தமும் அதே திசையில் இருந்தால் கேட்கவே வேண்டாம். உச்சிக்கு அருகில் திறந்தால் நிம்மதி.

ஒரே ஸ்விட்ச், ஒரே சப்ளை. ஒரு சுமைக்கு நல்ல நேரம் இன்னொன்றுக்கு ராகு காலம். நாங்கள் படித்த ஏ.சி. வோல்டேஜ் கன்ட்ரோலர் அத்தியாயத்தில் ஆர் உண்டு, ஆர்-எல் உண்டு. நிறைந்துவிடும் இரும்பு கிடையாது. ஆர்-எல் சுமைக்கு ஒற்றைப் பல்ஸ் போதாது, தொடர்ந்து கேட் பல்ஸ் கொடுக்க வேண்டும் என்று ஒரு பத்தி இருக்கும். அந்தப் பத்தியை இன்றைக்கும் மதிக்கிறேன். சுமை திரும்பிப் பேசும் என்பதைப் புத்தகம் ஒப்புக்கொள்ளும் இடம் அது. ஏன் அந்த ஒரு பத்தியோடு நின்றது என்பதுதான் வருத்தம்.

மூன்றாவது சாட்சி: ஜரிகை

அப்பா நெசவாளி. எங்கள் வீட்டில் குழித்தறிச் சத்தம் கேட்டுத்தான் நான் ஃபயரிங் ஆங்கிள் படித்தேன். அப்பாவுக்கு ஜரிகையைச் சோதிக்க நகமும் கண்ணும் போதும்: சுரண்டிப் பார்த்தால் உள்ளே சிவப்புப் பட்டு தெரிய வேண்டும். இப்போது காஞ்சிபுரத்தில் ஜரிகையைச் சோதிக்க எக்ஸ்-ரே ஃப்ளோரசன்ஸ் கருவி இருக்கிறது. எக்ஸ்-ரே பட்டதும் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய ஆற்றலில் திருப்பி ஒளிரும். அதை எண்ணி, வெள்ளி இவ்வளவு, தாமிரம் இவ்வளவு, தங்கம் இவ்வளவு என்று சொல்லிவிடும். ஒரு சேலையின் விலையும் நெய்தவரின் பேரும் அந்த எண்ணில் தொங்குகின்றன.

இங்கேயும் அதே கதைதான். வெள்ளியின் முக்கியக் கோட்டைக் கிளப்ப 25.5 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் ஆற்றல் தேவை. தாமிரத்துக்கு 9 போதும். குட்டி டியூபின் மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கினால் வெள்ளியின் எண்ணிக்கை தாமிரத்தைவிட வேகமாகக் குறையும். ஜரிகையில் வெள்ளி குறைவு என்று கருவி பொய் சொல்லும். அப்படி நடக்காமல் இருப்பதற்குக் காரணம், உள்ளே இருக்கும் சின்ன ஹை வோல்டேஜ் சப்ளை மின்னழுத்தத்தை விடாப்பிடியாகப் பிடித்துவைப்பது. பவர் எலக்ட்ரானிக்ஸ் என்ற பாடம் ஒரு நெசவாளியின் வாழ்க்கையைத் தொடும் இடம் இது. எந்தப் பயன்பாட்டுப் பட்டியலிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

கூடவே இன்னொரு கணக்கு. தூய ஜரிகைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கலவை: வெள்ளி 40%, தாமிரம் 35.5%, பட்டு 24%, தங்கம் 0.5%. இதில் பட்டை அந்தக் கருவியால் பார்க்க முடியாது. கார்பன், நைட்ரஜன் மாதிரி லேசான தனிமங்களின் ஒளிர்வு காற்றைத் தாண்டுவதற்குள் கரைந்துவிடும். ஆகவே உலோகத்தை மட்டும் நூறாகக் கொண்டால் அதே ஜரிகையில் வெள்ளி 52.6%, தங்கம் 0.66%. பொருள் ஒன்றுதான், எண் இரண்டு. சீட்டில் எழுதியிருப்பது எந்த நூற்றில் என்று கேட்கத் தெரியாதவர் ஏமாறலாம், ஏமாற்றப்பட்டதாக நினைத்து வீணாகச் சண்டையும் போடலாம்.

எதிர்வாதம்

இதைப் பேராசிரியராக இருக்கும் ஒரு நண்பரிடம் சொன்னேன். "பாடப்புத்தகம் அடிப்படையைத்தான் சொல்ல முடியும். உன் பல்பையும் டியூபையும் வேலைக்குப் போய்க் கத்துக்கணும்" என்றார். பாதி நியாயம். எல்லாச் சுமையையும் ஒரு புத்தகத்தில் அடைக்க முடியாதுதான்.

ஆனால் இடம் இல்லை என்ற காரணத்தை நான் ஏற்க மாட்டேன். எஸ்.சி.ஆரை வலுக்கட்டாயமாக அணைக்கும் கம்யூட்டேஷன் முறைகளை ஏ, பி, சி, டி, இ, எஃப் என்று வகை பிரித்து நாங்கள் உருப்போட்டோம். நாங்கள் படிக்கும்போதே, கேட்டில் சொன்னால் அணைந்துவிடும் ஐ.ஜி.பி.டி. சந்தைக்கு வந்து பல வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பக்கங்கள் இருந்தன. அதில் கால் பங்கு போதும், ஒரு பல்பையும் ஒரு டிரான்ஸ்பார்மரையும் ஒரு எக்ஸ்-ரே டியூபையும் உள்ளே விட. ஜெனரல் எலக்ட்ரிக்கின் பழைய எஸ்.சி.ஆர். மேனுவலைப் பின்னாளில் புரட்டியபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அது விற்பனைக்காக எழுதிய புத்தகம்தான். ஆனால் வாங்குபவன் நாளைக்கு எதையாவது எரித்துவிட்டு வந்து நிற்பான் என்ற பயம் அந்தப் பொறியாளர்களுக்கு இருந்திருக்கிறது. எங்கள் புத்தகங்களுக்கு இருந்த ஒரே பயம் கேள்வித்தாள்.

சுமை என்பது பயன்பாடு இல்லை, அடிப்படை. இதுதான் நண்பருக்கு என் பதில். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் கடைசியில் மூன்று கேள்வி சேர்த்தால் போதும். ஒன்று, முதல் நொடியில் இந்தச் சுமை என்ன செய்யும்? இரண்டு, மின்னழுத்தம் 10% இறங்கினால், நமக்கு வேண்டிய பலன், அதாவது வெளிச்சமோ படமோ எண்ணோ, எவ்வளவு இறங்கும்? மூன்று, அது தவறினால் யார் அனுபவிப்பார்கள்? மூன்றாவதை என்ஜினியரிங் கேள்வி இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. மறுபடி மூச்சை இழுத்துப் பிடித்து நின்றது என் அம்மா என்பதால் எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை.

அந்த இரண்டு பிலிமும் இன்னும் பீரோவில் இருக்கின்றன. சில சமயம் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஒன்றில் விலா எலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம். இன்னொன்றில் வெள்ளைதான். இரண்டுக்கும் நடுவில் இருந்தது சில வோல்ட்டுகள்.